பாடியவர் பெயர்

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறைக்கு, மாணவிகள் சொல்வதுபோல் விஸ்காமுக்கு, வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன். இறுதியாண்டில் ஐந்தைந்து பேராகச் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும். அந்தப் பாட்டு ஆல்பமாக வெளிவந்தால் முன்னட்டை எப்படி இருக்கும் என்பதையும் வடிவமைத்துத் தர வேண்டும். வேலையைத் தாங்களே செய்ததற்குச் சாட்சியாக ஒரு மேக்கிங் வீடியோவும் ஒரு ஃபைலும் உண்டு.

ஏழு குழுக்கள். நான்கு வீடியோக்களில் நாயகன் இருந்தான். பெண்கள் கல்லூரி என்பதால் அவனை வெளியிலிருந்து அழைத்து வர வேண்டியிருந்தது. ஒருத்தியின் சித்தி பையன், இன்னொருத்தியின் டியூஷன் நண்பன். இயக்கியது பெண், கேமரா பிடித்தது பெண், எடிட் செய்தது பெண், மையத்தில் நின்று கடலைப் பார்த்துத் துக்கப்பட்டது மட்டும் அந்தச் சித்தி பையன். 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' வெளியானபோது இந்த மாணவிகள் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார்கள். 'சூப் பாய்' என்ற சொல்லை அவர்களில் யாரும் பயன்படுத்தவில்லை. ஆனால் கைவிடப்பட்ட ஆண் பாடுவான், கைவிட்ட பெண் கூந்தலைப் பறக்கவிட்டுத் திரும்புவாள் என்ற ஏற்பாடு எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. இதில் வேடிக்கை, ஏழு குழுக்களின் ஸ்லைடிலும் லாரா மல்வி இருந்தார். 1975இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து 'ஆண்நோக்கு' என்ற ஒரே சொல், ஏழு விதமான எழுத்துருக்களில். அடுத்த ஸ்லைடில் கூந்தல்.

இந்த நான்கையும் பற்றி மேலும் எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஐந்தாவது குழுவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதில் நானும் ஒரு பிழை செய்தேன்.

ஐந்தாவது குழுவின் பாட்டு அவர்களே எழுதி மெட்டமைத்தது. விடியற்காலையில் மீன் எடுத்துக்கொண்டு அரசுப் பேருந்தில் ஏறும் ஒரு அம்மாவைப் பற்றியது. கானா நடை, ஒரு டேப், கொஞ்சம் கீபோர்டு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை, நாற்றமடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார், பேருந்து ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பாட்டு அந்தச் சம்பவத்தைச் சொல்லவில்லை. டிக்கெட்டுக்குக் காசில்லை, அந்த மூக்குகளுக்கு என்ன விலை கொடுப்பது என்ற கணக்கை மட்டும் மெதுவாகப் போட்டுக்கொண்டு போனது. குரல் கொஞ்சம் கரகரப்பாக, மேல் ஸ்தாயியில் கிழியும் இடங்களை மறைக்காமல் இருந்தது. அன்று கேட்ட ஏழில் மீண்டும் கேட்க விரும்பிய பாட்டு அது ஒன்றுதான்.

அட்டை ஒரு சதுரம். இப்போதெல்லாம் 3000க்கு 3000 பிக்சலில் செய்கிறார்கள், கைப்பேசித் திரையில் அது கட்டைவிரல் நகமாகச் சுருங்கிவிடும். சதுரத்தின் முக்கால்வாசியை ஒரு பெண் முகம் நிறைத்திருந்தது. தலையில் அன்னக்கூடையின் விளிம்பு, பின்னால் காசிமேட்டின் படகுகள் மங்கலாக. அவள் நேராக நம்மைப் பார்க்கிறாள், சிரிக்கவில்லை. மேலே பேருந்து வழித்தடப் பலகையின் எழுத்துபோல் பாட்டின் தலைப்பு. கீழே அந்த ஐவரும் தங்களுக்கு வைத்துக்கொண்ட குழுப்பெயர்.

நான் பாராட்டினேன். பார்க்கப்படுபவள் திருப்பிப் பார்க்கிறாள், அட்டை மல்வியைப் படித்துவிட்டு அதைத் தாண்டியும் வந்திருக்கிறது என்றெல்லாம் பேசினேன். குறிப்பேட்டில் 'அட்டை மிக நன்று' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த முகத்துக்குரிய பெண்ணைப் பார்த்து, "நல்லாப் பாடியிருக்கீங்க" என்றேன்.

அவள் கூச்சத்துடன் பின்னால் திரும்பினாள். "நான் இல்ல மேம், அவதான்."

கதவோரம் ஒரு மாணவி, புளூடூத் ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அதன் பிறகுதான் மேக்கிங் வீடியோவைப் பார்த்தேன். தேர்வாளர்கள் அதைப் பெரும்பாலும் ஓட்டிவிட்டுப் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான். அன்று முழுதாகப் பார்த்தேன். ஸ்லோமோஷனில் ஒருவர் பாடுவதுபோல் காட்ட ஒரு பழைய உத்தி உண்டு. விநாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவுக்கு 50 பிரேமில் எடுக்கிறோம் என்றால், படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். நடிப்பவர் அந்த வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு காட்சியை மெதுவாக்கினால் உதடு பாட்டோடு பொருந்தும், உடம்பும் கூந்தலும் மட்டும் மிதக்கும். கேட்க எளிது. எலிக்குரலில் விரைந்து ஓடும் பாட்டுக்கு வாயசைப்பது பாட்டை நன்றாகத் தெரிந்தவருக்கே கஷ்டம். அட்டைப்படப் பெண்ணுக்குப் பாட்டு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே பாடியவள் கேமராவின் காலடியில் குந்தியிருக்கிறாள். ஒரு கையில் ஸ்பீக்கர். முகத்தை அண்ணாந்து, இரட்டை வேகத்தில், தன் சொற்களைத் தானே வாயசைத்துக் காட்டுகிறாள். மேலே நிற்பவள் அந்த உதட்டைப் பார்த்துத் தன் உதட்டை அசைக்கிறாள். வீடியோவில் அவள் பார்வை சற்றுத் தாழ்ந்திருப்பதை நான் 'உள்முகமான நடிப்பு' என்று குறித்து வைத்திருந்தேன். அவள் ப்ராம்ப்ட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விமர்சகராகச் சொன்னால், அந்த இரண்டு நிமிட மேக்கிங்தான் அவர்கள் எடுத்த நல்ல படம். முறையான வீடியோவில் அன்னக்கூடையில் ஒரு செதில்கூட ஒட்டியிருக்கவில்லை. கடையில் வாங்கிய பளபளப்பு அப்படியே இருந்தது. சேலைத் தலைப்பு நனையவில்லை. காசிமேட்டின் ஐஸ் தண்ணீரில் நடந்த கால்கள் அவை இல்லை. நிறமும் தானாக வந்ததில்லை. கலர் கிரேடிங்கில் முகத்தை மட்டும் தனியாக எடுத்து ஏற்றியிருக்கிறார்கள், கழுத்துக்கும் கன்னத்துக்கும் வெளிச்சம் ஒத்துவரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு எடிட் செய்தவள், "போன்ல பாத்தா டல்லா இருந்திச்சு மேம்" என்றாள். மீன் விற்பவரைப் பற்றிய பாட்டில் மீன் விற்பவரின் நிறம் டல்லாகப் பட்டிருக்கிறது. மேக்கிங்கிலோ கலர் கிரேடிங்கே இல்லை. குந்தியிருக்கும் அவள் முகம் பக்கவாட்டில், பாதிதான் தெரிகிறது. ஆனால் பாட்டு அங்கேதான் நடக்கிறது.

இந்த ஏற்பாட்டை அந்த மாணவிகள் கண்டுபிடிக்கவில்லை, நாம் கொடுத்ததுதான். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்ததும் பாடியதும் ஒரே உடம்பில் நடந்தது. அதற்கு அவர் வாங்கிய 1 லட்சம் ரூபாயை இன்னமும் வியந்து பேசுகிறார்கள். 1945இல் 'மீரா'வில் எம். எஸ். சுப்புலட்சுமியின் முகமும் குரலும் சேர்ந்தே இருந்தன. பின்னணிப் பாடல் வேரூன்றியதும் இரண்டும் பிரிந்தன. சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்த இசைத்தட்டுகளின் உறைகளில் முன்பக்கம் நாயகனும் நாயகியும். பாடியவர்களின் பெயர் பின்பக்கம், பொடி எழுத்தில். இல்லையென்றால் தட்டின் நடுத்துளையைச் சுற்றிய வட்டத் தாளில். தட்டு சுழலும்போது அதைப் படிக்க முடியாது. அமாண்டா வைட்மன் தமிழ்ப் பின்னணிப் பாடகிகளைப் பற்றி எழுதி 2021இல் வெளியான நூலில் இந்தப் பிரிவினையின் உள்ளே போகிறார். மேடையில் அசையாமல் நின்று பாடுவதே பாடகியின் கண்ணியம் என்று ஆனது எப்படி, குரலைத் தன் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிவைக்கிறாளோ அவ்வளவு மரியாதை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். எல். ஆர். ஈஸ்வரிக்கு எந்த மாதிரிப் பாட்டு ஒதுக்கப்பட்டது, பி. சுசீலாவுக்கு எது ஒதுக்கப்பட்டது என்று யோசித்தால் அந்தக் கணக்கு புரியும்.

ஆகவே நான் முதலில் நினைத்தது இதுதான்: கறுத்த பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டு வெளுத்த பெண்ணின் முகத்தை ஒட்டிவிட்டார்கள். அந்தக் கோபத்தோடு இடைவேளையில் அவளைத் தேடிப் போனேன். கேண்டீன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"என் மொகம் வேணாம்னு நான்தான் மேம் சொன்னேன்" என்றாள்.

முதலாண்டில் ஒரு மூத்த மாணவியின் போர்ட்ரெய்ட் அசைன்மென்ட்டுக்கு அவள் மாடலாக உட்கார்ந்திருக்கிறாள். பத்து நிமிட வேலை. காகிதத்தில் எதுவும் எழுதவில்லை, யாரும் கேட்கவில்லை. படம் துறையின் கண்காட்சியில் மாட்டப்பட்டது, பாராட்டும் பெற்றது. யாரோ கைப்பேசியில் எடுத்துப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து அது ஒரு மீம். அவள் நிறத்தைப் பற்றிய வாசகத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடைய வீட்டுத் தெரு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. "அதுலேந்து மொகம் குடுக்கறதில்ல. பாட்டு குடுப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பேரு போடுவாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அண்ணன் விடவில்லை, அப்பா அடிப்பார் என்ற பதிலுக்குத்தான் நான் தயாராக இருந்தேன். அதற்கு என்னிடம் ஆறுதலும் இருந்தது, மேற்கோளும் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 தொடக்கத்தில் மேடையேறியபோது அந்தப் பெரிய குழுவில் ஒரே பெண்ணாக நின்ற இசைவாணியை அவளுக்குப் பிடிக்கும், கானாவே அவரைக் கேட்டுத்தான் பாடினாளாம். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2024 இறுதியில், சில ஆண்டுகளுக்கு முன் அவர் பாடிய ஒரு பாட்டைத் தோண்டியெடுத்து, அவர் மீது வசவும் மிரட்டலும் பொழிந்தார்கள். அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். முகத்தோடு பாடுகிறவருக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். அந்த விலையை இப்போது கொடுக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அது அவளுடைய முடிவு. பெயரும் சேர்ந்து போனது மற்ற நால்வரின் முடிவு. அதுகூட முடிவு இல்லை, பழக்கம். "முகம் இல்லாம பேர் மட்டும் போட்டா கன்ஃப்யூஸ் ஆகும், அந்த முகத்துக்குத்தான் அந்தப் பேருன்னு நெனப்பாங்க, அதான் டீம் பேர் போட்டோம்" என்றார்கள். தர்க்கம் சரிதான். முகம்தான் அட்டையில் இருந்தே ஆக வேண்டும் என்று முதலில் யார் சொன்னது என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை.

அட்டையில் ஒரு பெண் வந்துவிட்டால் பெண்ணியம் ஜெயித்தது என்று எண்ணும் என் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது நம்மில் பலரும் அதைக் கொண்டாடினோம். அறிவு எழுதி, தீயும் அறிவும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அந்த வீடியோவிலேயே உட்கார்ந்திருப்பார். அதே ஆகஸ்ட் மாதம் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள், அறிவு வரவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, அறிவின் படத்தோடு ஒரு டிஜிட்டல் அட்டை வெளியானது. அந்த முதல் அட்டையை ஆண்நோக்கு என்ற கருவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் குறை தெரியாது. ஒரு இளம்பெண், கலைஞராக, தன் தொழிலின் பெயரில் அங்கே இருக்கிறார். சொல்லை எழுதியவர் எங்கே, அந்தச் சொல் எந்தப் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து வந்தது என்று கேட்டால்தான் அட்டையில் உள்ள ஓட்டை தெரியும். எனக்கு அன்று தெரியாதது இரண்டாம் முறையும் தெரியவில்லை.

வடிவமைத்த மாணவியின் ஸ்லைடில் மாயா அருட்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., இருந்தார். லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் திரைப்படம் படித்தவர். தான் பாடகியாவதற்கு முன்பே எலாஸ்டிகா குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டை செய்தவர். 2005இல் தன் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையும் 2007இல் அடுத்ததற்கு அம்மாவின் பெயரையும் வைத்தார். ஸ்டென்சில் ஓவியமாகத் தன் முகத்தைத் தானே அச்சடித்துக்கொண்டவர். மாணவிகளுக்கு இவரை முன்மாதிரியாகக் காட்டுவது எளிது, நானும் வகுப்புகளில் காட்டியிருக்கிறேன். ஆனால் மாயா இளம்வயதிலிருந்து எடுத்துக் குவித்த வீடியோக்களை வைத்து, அவருடைய கல்லூரி நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் செய்த ஆவணப்படம் 2018இல் வந்தபோது, அது தான் எதிர்பார்த்த படமில்லை என்று அவரே சொல்ல நேர்ந்தது. தானே எடுத்த தன் முகம்கூட இன்னொருவரின் எடிட்டிங் டேபிளில் வேறொன்றாகிறது. கேண்டீன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் போய், மாயாவைப் போல் தைரியமாக முகத்தைக் காட்டு என்று எந்த வாயால் சொல்வது?

மதியம் ஃபைலைப் புரட்டினேன். மீன்பிடித் துறைமுகத்தில் எடுக்க அனுமதிக் கடிதம் இருந்தது. கேமரா, லென்ஸ், கிம்பல் வாடகை ரசீது இருந்தது. கீபோர்டு வாசித்தவர் தன் இசையைப் பயன்படுத்த ஒப்புக்கொண்ட கடிதம் இருந்தது. அட்டைப்படத்தில் முகம் கொடுத்தவளிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டும் இல்லை, குரல் கொடுத்தவளிடமிருந்தும் இல்லை. மற்ற ஆறு ஃபைல்களிலும் இல்லை. அந்தச் சித்தி பையனிடம் மட்டும் ஒரு குழுவினர் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவன் வெளியாள்.

மதிப்பெண் தாளும் அதே போலத்தான். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, அட்டை வடிவமைப்பு, தயாரிப்பு நிர்வாகம் என்று ஐந்து கட்டங்கள், ஐந்து பேருக்கு ஐந்து பொறுப்பு. பாட்டு அதில் இல்லை, அது கச்சாப்பொருள். எழுதி, மெட்டமைத்து, பாடி, கேமராவின் காலடியில் குந்தி உதடு காட்டிக்கொடுத்தவளுக்குக் கிடைத்த கட்டம் 'தயாரிப்பு நிர்வாகம்'. சாப்பாடும் ஆட்டோவும் ஏற்பாடு செய்ததற்கான மதிப்பெண். அந்தப் பட்டியலில் அதுதான் மிகக் குறைவு. துறையில் பேசினேன். கட்டங்களைப் பல்கலைக்கழகம் வகுத்தது, இந்த ஆண்டு மாற்ற முடியாது என்றார்கள். குறிப்புப் பகுதியில் நான்கு வரி எழுதினேன். அதைச் சேர்த்துப் படிக்க எந்த மென்பொருளிலும் இடமில்லை என்பது எனக்கும் தெரியும். கீழே கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. பாட்டை இணைய இசைத் தளங்களில் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். விநியோக நிறுவனங்களுக்கு ஒரு விதி உண்டு: படிவத்தில் கலைஞர் என்று நிரப்பும் பெயரும் அட்டையில் அச்சிட்ட பெயரும் பொருந்த வேண்டும். படிவத்தில் அவள் பெயர், அட்டையில் குழுப்பெயர். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண்ணியம் படித்த தேர்வாளர் அடிக்கோடிட்டுப் பாராட்டிய அட்டையை ஒரு படிவச் சரிபார்ப்பு நிராகரித்திருந்தது. வேறு அட்டை செய்து அனுப்பியிருந்தாள்.

முகம் இல்லை. அன்னக்கூடையின் அடிப்பாகம், இந்த முறை உண்மையானது, அவள் அம்மாவுடையது. நெளிந்து, கறுத்து. அதன்மேல் பேருந்தில் பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாப் பயணச்சீட்டு ஒன்று ஈரத்தில் ஒட்டியிருக்கிறது. சீட்டின் குறுக்கே பால்பாயின்ட் பேனாவில் அவள் பெயர், அவள் கையெழுத்தில். தலைப்பின் எழுத்து தேவைக்குப் பெரிது என்று எனக்குப் பட்டது. சீட்டில் ஒட்டியிருந்த செதில்கள் கைப்பேசியின் சின்னச் சதுரத்தில் தெரியவே தெரியாது என்பதையும் எழுதினேன். "தெரியலன்னா பரவால்ல மேம், இருக்குல்ல" என்று பதில் வந்தது.

பாட்டின் தகவல் பகுதியையும் படமெடுத்து அனுப்பியிருந்தாள். சொல், மெட்டு, குரல் என்று மூன்று வரியில் அவள் பெயர். கீபோர்டு, டேப், கேமரா, எடிட்டிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கடைசி வரியில் 'வீடியோவில் முகம்' என்று போட்டு அந்த அட்டைப்படத் தோழியின் பெயர், இனிஷியலோடு.